நாலரை மணிக்கு மேல்



பள்ளிகள் திறந்துவிட்டன. பெங்களூர் அடுகோடியில் எங்கள் பத்திரிகை அலுவலகம் இருக்கும் தெருவில் மாலை நாலரை மணி ஆகிவிட்டதென்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். முனையில் இருக்கும் பேக்கரியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு ஒவ்வொரு சந்தாகப் பிரிந்துபோவார்கள். அவர்களில் சிலர் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு சாவியும் தொங்கும். அம்மா கோரமங்களா அடுக்குமாடி வீடுகளில் சாயங்காலப் பாத்திரங்களைக் கழுவி முடித்து வர ஏழரை ஆகும். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலையோ, ஆட்டோவோ, உணவு டெலிவரியோ. அவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. பிள்ளை தானே பூட்டைத் திறந்து, காலையில் வடித்த சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் ஒரு போன் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வந்திருக்கிறேன். அந்த நேரத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட, பெற்றோரைத் தவிர இன்னொரு பெரியவர் இருக்கிறாரா? இருந்தால் என்ன நடக்கிறது? அதுதான் என் விஷயம்.

எங்கள் தெருவிலேயே ஒரு தையல் கடை இருக்கிறது. ரவிக்கை தைப்பது, புடவைக்கு ஃபால் அடிப்பது, பழைய பேன்ட்டைச் சின்னதாக்கித் தருவது இதுதான் அங்கே வேலை. கடைக்கார அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் பள்ளி விட்டதும் நேரே அங்கே வந்துவிடுவான். துணி மூட்டைமேல் உட்கார்ந்து, அக்கா தரும் டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுவிட்டு, கன்னடப் பாடப் புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாகப் படிப்பான். அக்காவுக்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக இந்த ஊரில் பேசிப் பழகிய காது. அவன் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால் அவர் எதுவும் சொல்வதில்லை, மிதியை நிறுத்திவிடுவார். மெஷின் சத்தம் நின்றதும் பையன் தலையைத் தூக்குவான், மறுபடி அந்த வரிக்குப் போவான். சரியாகப் படித்ததும் மெஷின் ஓடத் தொடங்கும்.

நான் ஒரு சட்டையை வாங்கப் போனபோது இதைப் பார்த்தேன். "டியூஷனா அக்கா?" என்று கேட்டேன். "டியூஷன்லாம் நமக்கெங்கங்க தெரியும்? அவன் படிக்கிறான், நான் கேக்குறேன்" என்றார். பையனின் அம்மா எப்போது வேலை முடித்து வருவாள், அவன் எந்தப் பாடத்துக்குப் பயப்படுகிறான், வகுப்பில் யாரோடு சண்டை, போன வாரம் எந்த நாளில் முகம் வாடி வந்தான் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனையும் தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் இருக்கிறார் என்பது பையனுக்கும் தெரியும். அவனுக்குக் கிடைத்திருக்கும் சொத்துகளில் பெரியது அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் உறவுமுறையில் இதற்கென்றே ஓர் ஆளை வைத்திருந்தோம். காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்ளும் தாய்மாமன், அந்தச் சடங்கோடு கடமை முடிந்தது என்று எழுந்து போனதில்லை. அப்பாவிடம் சொல்ல முடியாததை மாமனிடம் சொல்லலாம். மாமன் திட்டினால் கோபம் நெடுநாள் நிற்காது. மாமன் பரிந்து பேசினால் அப்பாவும் இறங்கிவருவார். அத்தைக்கும் பாட்டிக்கும் அப்படியொரு இடம் இருந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தின்போதே ஞானத்தாய், ஞானத்தந்தை என்று பெயர் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பெற்ற இருவரால் மட்டும் ஒரு பிள்ளையை வளர்த்துவிட முடியாது என்று நம் முன்னோர் தெரிந்தே செய்த ஏற்பாடுகள் இவை.

கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பெங்களூருக்கு வந்த குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டுவந்தன. மாமனைக் கொண்டுவர முடியவில்லை. அவர் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பார்க்கிற ஆளாகிவிட்டார். அந்த இடத்தை முன்பு அக்கம்பக்கம் ஓரளவு நிரப்பியது. 1951-இல் தொடங்கிய மைக்கோ தொழிற்சாலை, அதாவது இன்றைய பாஷ், அடுகோடியைச் சுற்றிப் பல தொழிலாளர் குடும்பங்களை ஒரே தெருக்களில் பல வருஷம் நிலையாகத் தங்க வைத்தது. ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக எட்டு வீடு, பத்து வீடு. பொதுக் குழாய், பொதுத் துணிக்கொடி. எந்தப் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

எனக்கும் அப்படி ஒரு முற்றத்தில் ஒரு மாமா கிடைத்தார். உறவில்லை, பக்கத்து வீட்டு ஃபிட்டர். முதல் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு வாசலில் உட்காருவார். அவரிடம் ஒரு பழைய வெர்னியர் காலிப்பர் இருந்தது, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார். "இன்னிக்கு எதை அளக்கலாம், சொல்லு" என்பார். பென்சில், அரிசி, ஐந்து பைசா, என் சுண்டுவிரல், ஒருநாள் முற்றத்தில் செத்துக் கிடந்த வண்டு. தாடையை மெல்ல மூடி, கோடுகள் எங்கே சேர்கின்றன என்று என்னையே பார்க்கச் சொல்வார். நான் தப்பாகச் சொன்னால், "உன் கண்ணு அப்படிச் சொல்லுதா? சரி, இன்னொரு தடவை கேட்டுப் பாரு" என்பார். பத்து வயதுப் பையனின் கண் என்ன சொல்கிறது என்று அதற்கு முன் யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் எஞ்சினியர் ஆகவில்லை. எழுத்துத் தொழிலுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் ஒரு செய்தியை அச்சுக்கு அனுப்பும் முன் இன்னொரு தடவை பார்க்கிறேனே, அந்தப் பழக்கம் அந்த வாசலில் ஒட்டிக்கொண்டது.

இன்று அந்த முற்றங்கள் நாலு மாடிக் கட்டடங்களாகிவிட்டன. வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம். வாடகை ஏறினால் குடும்பம் அடுத்த பகுதிக்கு, அதற்கும் அப்பால் பொம்மனஹள்ளிப் பக்கம் என்று நகர்ந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆண்ட்டி பிள்ளையின் பெயரைக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் வீடு மாறிவிடுகிறது. இதைவிடக் கொடியதையும் நம் பக்கத்திலேயே பார்த்தோம். 2013 ஜனவரியில் ஈஜிபுராவில், ஏழைகளுக்காகக் கட்டிய குடியிருப்பு இருந்த இடத்தில் குடிசைகளை இடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். கூரை போனதைச் செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் அன்று பிள்ளைகள் இழந்தது கூரையை மட்டுமா? கடனுக்கு மிட்டாய் தந்த கடைக்காரர், ஜுரம் என்றால் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டம்மா, பள்ளிக்குப் போகவில்லை என்றால் ஏன் என்று கேட்ட தாத்தா, எல்லாரும் ஒரே வாரத்தில் ஆளுக்கொரு திசையில் சிதறிப்போனார்கள். மறுவாழ்வுத் திட்டம் எதிலும் இதற்கு ஒரு வரி எழுதப்படுவதில்லை. எழுதப்பட வேண்டும்.

இந்தப் பக்கத்தில் நான் ஆராய்ச்சி முடிவுகளை அதிகம் அடுக்குவதில்லை. ஆனால் ஓர் ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது பிறந்த இடம் நமக்கு அந்நியமானதல்ல. ஹவாய்த் தீவுகளில் காவாய் என்று ஒரு தீவு. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த மண். ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்கள் அங்கே ஏராளம். இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்குப் போன நம்மவர் கதைதான், வேறு கடலில். அந்தத் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் ரூத் ஸ்மித் என்ற உடன் ஆய்வாளரும் ஒரு வயது, இரண்டு வயது, பத்து, பதினெட்டு, முப்பத்திரண்டு, நாற்பது என்று தொடர்ந்து பார்த்துவந்தார்கள். யோசித்துப் பாருங்கள், தொட்டிலில் கண்ட குழந்தையை நடுவயது வரை விடாமல் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வாழ்க்கை தொடக்கத்திலேயே பாரமாக இருந்தது. வறுமை, பிரசவத்தில் சிக்கல், குடிக்கும் தகப்பன், மனநோயில் தவிக்கும் தாய், ஓயாத சண்டை. இவற்றில் பல ஒன்றாகச் சேர்ந்திருந்த வீடுகள். அப்படிப்பட்ட பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பதின்வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ மனநிலையிலோ தடுமாறினார்கள். மீதி ஒரு பங்கினர்? நன்றாகவே வளர்ந்தார்கள். படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிறர்மேல் பரிவு உள்ளவர்களாக ஆனார்கள். இவர்களுக்கு மட்டும் என்ன வாய்த்தது என்று வெர்னர் தோண்டிப் பார்த்தபோது, பிள்ளையின் சுபாவம் போன்ற சில காரணங்களோடு திரும்பத் திரும்ப வந்தது ஒன்று: பெற்றோர் தடுமாறிய வீட்டிலும் பிள்ளைக்கு ஒட்டுதலாக ஒரு பெரியவர் இருந்தார். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், தேவாலயத்துப் பெரியவர். வீட்டுக்கு வெளியே பலர் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தது தங்களுக்குப் பிடித்த ஓர் ஆசிரியரை.

அந்த ஆய்வில் எனக்கு அதைவிடவும் ஆறுதல் தந்த செய்தி ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் தடம் புரண்டவர்களாக எழுதப்பட்ட பலர் முப்பதுகளில் மீண்டு வந்திருந்தார்கள். ஒரு நல்ல துணை, மறுபடி படிக்க ஒரு வாய்ப்பு, நம்பிக்கை வைத்த ஒரு மனிதர் என்று ஏதோ ஒன்று பிந்தியாவது வந்து சேர்ந்திருந்தது. எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டுவிட்டு முனைக்கடையில் நிற்கும் பையனைப் பார்த்து, "இனி என்ன பண்றது, போச்சு" என்று நாம் கைவிரிக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

அப்துல் கலாமின் ஆசிரியர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் கேட்காதவர் இல்லை. அவருடைய 'அக்னிச் சிறகுகள்' நூலில் எல்லாரும் மேற்கோள் காட்டும் சிவசுப்பிரமணிய அய்யரின் கதையையே எடுத்துக்கொள்வோம். ராமேஸ்வரத்தில் அந்த ஆசாரக் குடும்பத்து ஆசிரியர் முஸ்லிம் மாணவனைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார். சமையலறைக்குள் வைத்துப் பரிமாற மனைவி மறுக்க, அய்யர் தானே பரிமாறிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். மேடைகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். என் மனம் நிற்பது அதற்கு அடுத்த இடத்தில். பையன் விடைபெறும்போது, அடுத்த வார இறுதியிலும் வா என்று அழைக்கிறார் ஆசிரியர். தயங்கிய பையன் போகிறான். அந்தமுறை அந்த அம்மையாரே உள்ளே அழைத்துத் தன் கையால் பரிமாறுகிறார். முதல் அழைப்பு அந்த வீட்டுக்குள் ஒரு வழியைத் திறந்தது. பையனுக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்தது இரண்டாவது அழைப்பில்.

கலாமின் சிறுவயதில் இன்னொருவர் உண்டு. பாடநூல்களில் அவருக்கு இவ்வளவு இடம் கிடைப்பதில்லை. அகமது ஜலாலுதீன். கலாமைவிட ஏறத்தாழ பதினைந்து வயது மூத்தவர், பின்னால் அக்காள் கணவர் ஆனார். குடும்பச் சூழலால் அவருக்கே படிப்பைத் தொடர முடியவில்லை. தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அந்நாளில் அவர் ஒருவர்தான் என்பதால் யாருக்குக் கடிதம் வேண்டுமானாலும் அவரிடம் வருவார்கள். மாலையில் அந்தச் சிறுவனைக் கூட்டிக்கொண்டு நெடுந்தூரம் நடப்பார். புத்தகங்கள், கண்டுபிடிப்புகள், கடவுள், தீவுக்கு வெளியே விரிந்திருக்கும் உலகம் என்று பேசிக்கொண்டே போவார். தனக்குக் கிடைக்காததைப் பற்றிக் கசப்பில்லாமல், ஆசையோடு ஒரு பிள்ளையிடம் பேசத் தெரிந்த மனிதர். அப்படிப் பேச எவ்வளவு பெரிய மனது வேண்டும்!

நம் காலத்துக்கு வந்தால் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது காலின் கீழ்ப்பகுதி சிதைந்தது. காய்கறி விற்று வளர்த்தவர் தாய் சரோஜா. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ராஜேந்திரன் அவனை ஓரமாக உட்காரச் சொல்லவில்லை. உயரம் தாண்டச் சொன்னார். பதினான்கு வயதில் இரு கால்களும் நலமாக இருந்த மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார் மாரியப்பன். 2013-இல் பெங்களூரில் நடந்த தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவின் கண்ணில் பட்டு, பிறகு இந்த ஊரிலேயே அவரிடம் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். பதக்கத்தை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கிராமத்துப் பள்ளி மைதானத்தில், ஆட்டத்தில் சேர்க்கலாமா என்று யாரும் தயங்கக்கூடிய ஒரு பையனிடம் "தாண்டு" என்ற அந்த நாளுக்கு ஒரு பதக்கம் இருந்தால் நான் ராஜேந்திரன் சாருக்குத் தருவேன்.

புகழ்பெற்றவர்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் பொருள் தவறிவிடும். ஒரு பெரியவரின் துணை கிடைத்த பிள்ளை விஞ்ஞானி ஆகவேண்டும், பதக்கம் வாங்கவேண்டும் என்றில்லை. பொறுப்பான மெக்கானிக்காக, குழந்தையை அடிக்காத அம்மாவாக, கடன் வாங்கிக் குடிக்காத மனிதராக ஆனாலே அந்த மாலை நேரங்கள் பலித்தன என்று அர்த்தம்.

இதை ஓர் ஏற்பாடாகச் செய்ய முடியுமா? உறவில்லாத ஒருவரைக் கொண்டுவந்து ஒரு பிள்ளையோடு சேர்த்துவிட முடியுமா? 1904-இல் நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கூல்ட்டர் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். தினமும் பையன்கள் கூண்டில் ஏறி நிற்பதைப் பார்த்துச் சகிக்காமல், ஆளுக்கு ஒரு பையனோடு சிநேகமாக இருக்க முன்வாருங்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' இயக்கம். 1995-இல் அதன் பலனை ஆராய்ந்து ஓர் அறிக்கை வந்தது. பத்து முதல் பதினாறு வயதுவரை 959 பிள்ளைகள். ஒரு பாதிப் பேருக்கு அண்ணனோ அக்காளோ அமைத்துக் கொடுத்தார்கள், மறுபாதி காத்திருப்புப் பட்டியலில். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால், துணை கிடைத்த பிள்ளைகள் போதைப்பொருளைத் தொடத் தொடங்குவது 46 சதவீதம் குறைவு. பள்ளிக்கு மட்டம் போடுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அந்த அண்ணன்மார் பாடம் நடத்தவில்லை, புத்திமதி சொல்லவில்லை. மாதத்தில் சில தடவை வந்து, கூட இருந்து, விளையாடிப் பேசிவிட்டுப் போனார்கள்.

அதே பிள்ளைகளின் விவரங்களை ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் மறுபடி அலசி 2002-இல் எழுதினார்கள். இந்தப் பக்கத்தில் மற்றவற்றை நீங்கள் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஒரு வருஷத்துக்கு மேல் நிலைத்த உறவுகளில்தான் பலன் செழித்திருந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் பிள்ளையின் தன்மதிப்பு முன்பைவிடக் கீழே போயிருந்தது. ஏற்கெனவே ஒருவர் விட்டுப்போன வீட்டுப் பிள்ளை, வந்தவரும் போனதும் என்ன நினைக்கும்? என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைக்கும். வேறெப்படி நினைக்கும்?

இதை எழுதும்போது நம் ஊரில் சனிக்கிழமைதோறும் நடப்பது என் கண்முன் வருகிறது. பெங்களூரில் நல்ல மனம் கொண்ட இளைஞர்களுக்குக் குறைவே இல்லை. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்குச் சொன்ன பிறகு தன்னார்வலர் நாள்கள் பெருகின. பேருந்தில் வந்து இறங்கி, சுவருக்கு வண்ணம் அடித்து, பள்ளிப் பை கொடுத்து, பிள்ளைகளைக் கட்டியணைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பை நல்லதுதான், வண்ணமும் நல்லதுதான். ஆனால் போகும்போது, "மறுபடி வருவீங்களா அக்கா?" என்று அந்தச் சிறுமி கேட்பாளே, அப்போது வாய்க்கு வந்தபடி "கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லிவிடாதீர்கள். மனதார வேண்டுகிறேன். வர முடியும் என்றால் எந்தத் தேதி என்று சொல்லுங்கள். முடியாது என்றால் "இன்னிக்கு உன்கூட இருந்தது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது" என்று சொல்லி விடைபெறுங்கள். பிள்ளை இரண்டையும் தாங்கிக்கொள்ளும். பொய் வாக்கைத் தாங்காது.

நிதானமாக இந்த வேலையைச் செய்பவர்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். 1999-இல் சில இளைஞர்கள் கூடிப் பெங்களூரில் தொடங்கிய 'ட்ரீம் எ ட்ரீம்' அமைப்பு கால்பந்தையும் கலையையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு பழகுகிறது. கூடவே, பிள்ளைகளோடு பரிவாக இருப்பது எப்படி என்று பெரியவர்களுக்குப் பயிற்சி தருகிறது. பிறரோடு பழகுவது, முட்டுக்கட்டை வந்தால் வழி காண்பது, தானாக ஒரு காரியத்தில் இறங்குவது, சண்டையைச் சமாளிப்பது, சொன்னதைப் புரிந்து செய்வது ஆகிய ஐந்தையும் கவனித்து ஒரு பிள்ளையின் வளர்ச்சியை அறிய ஓர் அளவுகோலையே உளவியலாளர்களோடு சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 2009-இல் அருந்துதி குப்தா இங்கே தொடங்கிய 'மென்ட்டர் டுகெதர்', இளையவர் ஒருவருக்குப் பெரியவர் ஒருவர் என்று இணை சேர்த்துவிடுகிறது. தனியாகத் தொடங்கத் தயங்குபவர்கள் இத்தகைய அமைப்புகள் வழியாகப் போவது நல்லது. விசாரித்துச் சேர்ப்பார்கள், பழக்குவார்கள், நடுவில் சிக்கல் வந்தால் கேட்க ஆள் இருப்பார்கள்.

விசாரித்து என்று சொன்னதில் ஒரு கண்டிப்பான விஷயம் அடங்கியிருக்கிறது. பிள்ளையோடு பழக வரும் பெரியவர்கள் எல்லாரும் நல்லவர்கள் அல்லர். 2012-இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்ததே அதற்குச் சாட்சி. எனவே வரைமுறை வேண்டும். பெற்றோருக்குத் தெரிந்து, நாலு பேர் பார்க்கிற இடத்தில், கதவைத் திறந்து வைத்துப் பழகுங்கள். அந்தத் தையல் கடை எனக்குப் பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: தெருவே உள்ளே எட்டிப் பார்க்கலாம். "இதை அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒரு பெரியவர் பிள்ளையிடம் சொன்னால் அங்கேயே அபாய மணி அடித்துவிட்டது. தாய்மார்களே, யாரோ ஒருவர் என் பிள்ளைமேல் அக்கறை காட்டுகிறாரே என்று கூச்சப்பட்டுக் கேள்வி கேட்காமல் இருந்துவிடாதீர்கள். கேளுங்கள். உண்மையான அக்கறை உள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

துணையாக வருபவர் வைத்தியரும் அல்லர். பிள்ளை நாள்கணக்கில் சாப்பிடாமல், தூங்காமல், பேச்சற்று இருந்தாலோ, உயிரை வெறுத்துப் பேசினாலோ நம் ஆறுதல் போதாது. அடுகோடிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாட்டிலேயே பெயர்பெற்ற நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர் சாலையில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் அங்கே தனித் துறை உண்டு. 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்று சொல்லி அந்த வாசலைத் தவிர்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. கையைப் பிடித்து அந்த வாசல்வரை கூட்டிப்போகிறவர்தான் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு வாய்த்த மாமன். வெளியூர் வாசகர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மற்றபடி செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு பிள்ளை போதும். ஐந்து பேரைச் சேர்த்தால் வகுப்பாகிவிடும். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, முடிகிற நாளைச் சொல்லுங்கள், சொன்ன நாளில் இருங்கள். முதல் கேள்வியே "எத்தனை மார்க்?" என்று இருக்க வேண்டாம். அதைக் கேட்க ஊரே இருக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்ததை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், தெருவில் இந்தியும் தெலுங்கும் என்று நம் பிள்ளைகள் நாலைந்து மொழிக்குள் புகுந்து வருகிறார்கள். பரீட்சையில் அது குறையாகத் தெரிகிறது. உங்கள் திண்ணையில் அது திறமையாகத் தெரியட்டும். ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லி, போன பிறகும் ஒரு கடிதமாவது குரல் செய்தியாவது அனுப்புங்கள்.

நம் வாசகர்களில் ஓய்வுபெற்றவர்கள் ஏராளம். வில்சன் கார்டனிலும் லக்கசந்திராவிலும் அடுகோடியிலும் தொழிற்சாலை, தபால் ஆபீஸ், வங்கி, பள்ளி என்று முப்பது நாற்பது வருஷம் உழைத்தவர்கள். பேரப்பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஒயிட்ஃபீல்டிலோ. சாயங்காலம் என்றால் டி.வி. உங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிச் சாவியோடு ஒரு பிள்ளை நாலரைக்கு வருகிறது. அதன் அம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவேளை உங்கள் வீட்டிலேயே வேலை செய்பவராக இருக்கலாம். அவரிடம் பேசுங்கள். பண உதவி செய்பவரின் தோரணையில் அல்ல, ஓர் அத்தையாக, ஒரு தாத்தாவாக. பிள்ளை முதல் இரண்டு வாரம் வாயைத் திறக்காது. ஒன்றும் பாதகமில்லை, பொறுத்திருங்கள்.

ஆகஸ்ட் இதழில் இதற்காகப் பன்னிரண்டு பக்கங்களை ஒதுக்குகிறோம். சிறுவயதில் உங்களைக் கவனித்த ஒரு பெரியவரைப் பற்றி எழுதுங்கள். அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை எழுதினால் போதும்: என்ன சொன்னார், எங்கே உட்கார்ந்திருந்தார், கையில் என்ன வைத்திருந்தார். பள்ளி மாணவர்களும் எழுதலாம். கன்னடத்தில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் நாங்கள் தமிழாக்கிக்கொள்கிறோம். எழுதத் தெரியாத பெரியவர்கள் புதன், சனி மாலைகளில் அலுவலகத்துக்கு வந்தால் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறோம். ஜூலை 10-க்குள் வந்து சேர வேண்டும். நீங்கள் எழுதப்போகும் அந்த மனிதர் இன்றும் இருக்கிறார் என்றால், எங்களுக்கு அனுப்பும் முன் அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்